இத்தாலியின் இடைக்காலக் காவியங்கள்: எங்கே ஆரம்பிப்பது, எப்படிப் படிப்பது?

நெய்தலாள் எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். இத்தாலியின் பழைய காவியங்களைக் கொஞ்சம் ஒழுங்காகப் படிக்க ஆசை. கம்பனையும் சிலம்பையும் உரையோடு படித்த பழக்கம் உண்டு, அதனால் நீளமும் அடிக்குறிப்பும் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. தாந்தேயின் 'தெய்வீக நாடக'த்தில் முதல் பாகமான, நரகத்தைப் பாடும் 'இன்ஃபெர்னோ' ஆங்கிலத்தில் கையில் இருக்கிறது, ஆனால் பாதியிலேயே நிற்கிறது. பக்கத்துக்கு நாலு ஃப்ளோரன்ஸ்காரர்கள் வருகிறார்கள், யார் எந்தக் கட்சி, யார் யாரைக் கொன்றார் என்று பின்பக்கம் புரட்டிப் புரட்டியே நேரம் போகிறது, கவிதை கைக்கு வரவில்லை.

தாந்தேயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டுமா? அந்தக் காலத்தில் வேறு யார் யார் இருக்கிறார்கள்? இத்தாலியம் சுத்தமாகத் தெரியாது, மூலத்தைத் தொட முடியுமா, இல்லை மொழிபெயர்ப்போடு திருப்திப்பட வேண்டியதுதானா? பரீட்சைக்கு இல்லை, வேலைக்கு இல்லை, படிக்கிற சந்தோஷத்துக்குத்தான் கேட்கிறேன்.

கரையான் எழுதியது:

முன்னுரைகள் எல்லாம் "முதலில் ஃப்ளோரன்ஸ் வரலாற்றைப் படித்துவிட்டு வா" என்று சொல்லும். கேட்காதீர்கள். குவெல்ஃப், கிபெல்லின் என்று இரண்டு கட்சி, குவெல்ஃபிலேயே வெள்ளை, கறுப்பு என்று அது முடிகிற கதை இல்லை. ஆரம்பத்தில் உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: 1265இல் ஃப்ளோரன்ஸில் பிறந்தவர், ஊர் அரசியலில் இறங்கினார், எதிர்க்கட்சி ஆட்சியைப் பிடித்ததும் 1302இல் ஊரைவிட்டு விரட்டப்பட்டார், கடைசிவரை திரும்பவில்லை, 1321இல் ரவென்னாவில் இறந்தார். தாந்தேயே நரகத்தின் வழியே நடந்துபோகிற அந்தக் கதை நடப்பது 1300 ஈஸ்டர் சமயத்தில், எழுதியது அதற்கு ரொம்பப் பிறகு. அதனால்தான் நரகத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் "உனக்கு இனிமேல் இப்படி நடக்கும்" என்று ஆரூடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒன்று செய்யுங்கள். நிறுத்திய இடத்தை மறந்துவிட்டு நேராகப் பத்தாவது காந்தோவுக்குப் போங்கள். ஒரே ஒரு காந்தோ, நம் படலம் மாதிரி ஒரு பகுதி, 136 அடி. நெருப்பு எரிகிற கல்லறைகளுக்கு நடுவே தாந்தேயும் அவருக்கு வழிகாட்டுகிற பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலும் நடக்கிறார்கள், ஒரு கல்லறையிலிருந்து ஃபரினாத்தா என்கிறவர் இடுப்புக்கு மேலே எழுந்து நிற்கிறார், நரகத்தையே ஒரு பொருட்டாக மதிக்காத தோரணையில். அவர் கேட்கிற முதல் கேள்வி, "உன் முன்னோர் யார்?" பதில் தெரிந்ததும், "அவர்கள் என் எதிரிகள், இரண்டு தடவை ஊரைவிட்டுத் துரத்தினேன்" என்கிறார். தாந்தேயும் விடவில்லை. "இரண்டு தடவையும் திரும்பி வந்தார்கள், உங்கள் ஆட்களுக்கு அந்த வித்தை கைவரவில்லை" என்கிறார். செத்தவரோடு கட்சிச் சண்டை!

சண்டை நடுவில் அதே கல்லறையிலிருந்து இன்னொரு தலை, முகவாய் வரைக்கும் மட்டும், மெதுவாக மேலே வருகிறது. காவல்காந்தே. தாந்தேயின் நெருங்கிய நண்பரான கவிஞர் குய்தோவின் அப்பா. தாந்தேக்குப் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று சுற்றிப் பார்க்கிறார், ஒருவரும் இல்லை. அழுதுகொண்டே, "அறிவின் பலத்தால் நீ இங்கே வந்தாய் என்றால் என் மகன் எங்கே, ஏன் உன்கூட வரவில்லை?" என்கிறார். தாந்தே சொல்லும் பதிலில் குய்தோவைப் பற்றி இறந்தகாலத்தில் ஒரு வினை வந்துவிடுகிறது. "அப்படியென்றால் அவன் உயிரோடு இல்லையா?" தாந்தே ஒரு கணம் தயங்க, கிழவர் மல்லாந்து விழுகிறார், பிறகு எழவே இல்லை.

ஃபரினாத்தா என்ன செய்கிறார்? முகம் மாறவில்லை, கழுத்தைக்கூடத் திருப்பவில்லை, விட்ட இடத்திலிருந்து அரசியலைத் தொடர்கிறார். இத்தனைக்கும் குய்தோ கட்டியது ஃபரினாத்தாவின் மகளை. பக்கத்தில் விழுந்தவர் சொந்தச் சம்பந்தி!

இதைப் படித்த பிறகு குறிப்பைப் பாருங்கள். 1300 ஈஸ்டரில் குய்தோ உயிரோடுதான் இருந்தார். அந்த வருஷக் கோடையில் ஊர் நிர்வாகத்தில் இருந்த ஆறு பேரில் தாந்தேயும் ஒருவர், கலவரத்தை அடக்க இரண்டு பக்கத் தலைவர்களையும் ஊரைவிட்டு அனுப்பியது அந்த நிர்வாகம்தான், அனுப்பப்பட்டவர்களில் குய்தோவும் உண்டு. போன இடத்தில் காய்ச்சல் கண்டு, ஆகஸ்டில் குய்தோ இறந்துபோனார். இதெல்லாம் தெரிந்துகொண்டு அந்தத் தயக்கத்தை மறுபடி படித்துப் பாருங்கள். வரலாறு இப்படித்தான் உள்ளே வரவேண்டும், காட்சிக்குப் பின்னால்.

தர்க்கசீலன் எழுதியது:

கரையான் சொன்ன காட்சி அருமை, மறுக்கவில்லை. ஆனால் கேள்வி காவியத்தைப் பற்றி. தாந்தே எழுதியதைக் காவியம் என்று சொல்வதே விவாதத்துக்கு உரியது. தன்மையில் சொல்லப்பட்ட பயணம் அது, போர் கிடையாது, பெரும்படை கிடையாது. தாந்தேயே தாய்மொழிக் கவிதை பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதத் தொடங்கினார், அதில் பெருங்கவிதைக்கு உரிய பொருள் மூன்று என்கிறார்: போர், காதல், அறம். போரைப் பாடிய இத்தாலியர் இதுவரை யாரும் இல்லை என்றும் அதிலேயே சொல்கிறார்.

அந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் பொக்காச்சியோ 'தெசெய்தா' எழுதினார், ஏறக்குறைய 1340இல். வர்ஜிலைப் போலவே பன்னிரண்டு பாகம். தேபைக்காரர்கள் இரண்டு பேர், ஆர்சீத்தாவும் பலெமோனேயும், எமீலியா என்கிற ஒரே பெண்ணுக்காக அடித்துக்கொள்கிறார்கள். முடிவில் தன் நூலைப் பார்த்தே, நம் மொழியில் போரை முதலில் பாடியது நீதான் என்று பெருமை அடித்துக்கொள்கிறார். அது மட்டுமா, தன் காவியத்துக்குத் தானே உரையும் எழுதிவைத்தார், அவர் கைப்பட எழுதிய பிரதி ஃப்ளோரன்ஸில் லவ்ரென்ட்சியானா நூலகத்தில் இன்றும் இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் 'வீரன் கதை'யை எடுத்தது இதிலிருந்துதான். இலக்கணப்படி முதல் இத்தாலியக் காவியம் வேண்டும் என்றால் இதுதான்.

இன்னொரு கிளையும் உண்டு, யாரும் சொல்ல மாட்டார்கள். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வட இத்தாலியில், வெனிஸ், பாதுவா பக்கம், பிரெஞ்சும் உள்ளூர்ப் பேச்சும் கலந்த ஒரு மொழியில் பேரரசர் சார்லமேன், அவருடைய வீரன் ரோலாண்ட் கதைகளை எழுதினார்கள். பாதுவாவைச் சேர்ந்த பெயர் தெரியாத ஒருவரின் 'ஆந்த்ரே தெஸ்பாஞ்' அதில் முக்கியமானது. பேரரசர் கையுறையால் முகத்தில் அடித்துவிட, ரோலாண்ட் கோபித்துக்கொண்டு கிழக்கே பாரசீகம் வரைக்கும் போகிறான். ரோலாண்டுக்கு இத்தாலியப் பெயர் ஒர்லாந்தோ; ஊர் ஊராக அலைகிற அந்த ஒர்லாந்தோவின் விதை அங்கே விழுந்துவிட்டது, 'பித்துப்பிடித்த ஒர்லாந்தோ' எழுதிய அரியோஸ்தோவுக்கு இருநூறு வருஷம் முன்னால்.

கரையான் எழுதியது:

தர்க்கசீலன் ஐயா, 'தெசெய்தா'வை ஆரம்பிக்கிறவருக்குக் கொடுத்தால் அவர் மூன்றாம் பாகத்தில் மூடிவைத்துவிட்டு ஜென்மத்துக்கும் இத்தாலியம் பக்கம் வரமாட்டார். முதல் என்பதற்காக ஒன்றை முதலில் படிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெத்ரார்க்கின் 'ஆஃப்ரிக்கா'வை விட்டுவிட்டீர்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், லத்தீனில் ரோமத் தளபதி சிப்பியோவைப் பற்றி. 1341இல் ரோமில் கவிஞர் மகுடம் சூட்டிக்கொண்டபோது எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருந்த காவியம் அதுதான், கடைசிவரை முடியவே இல்லை.

முழுமதி எழுதியது:

நான் இத்தாலியம் கற்றுக்கொண்டே தாந்தே படிக்கிறவள், அதனால் மொழிக் கேள்விக்கு மட்டும் பதில். மூலத்தைத் தொடலாம், நாளைக்கே தொடலாம். எல்லாச் சொல்லும் புரியவேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். 14ஆம் நூற்றாண்டு தஸ்கனிப் பேச்சிலிருந்துதான் இன்றைய பொது இத்தாலியம் வளர்ந்தது, அதனால் அடிப்படைச் சொற்களில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. சங்கப் பாட்டைப் படிக்கும்போது நாம் படுகிற பாடு அங்கே இல்லை, ஓரளவு இத்தாலியம் தெரிந்த பையன் குறிப்போடு உட்கார்ந்தால் போதும்.

யாப்பைக் காதால் பிடியுங்கள். ஒவ்வொரு அடியிலும் பதினோரு அசை, ஆனால் நம் நேர், நிரை இல்லை, உயிரொலியை எண்ணுகிற கணக்கு. நூலின் இரண்டாவது அடியைப் பாருங்கள்:

மி ரித்ரோவாய் பெர் ஊனா செல்வா ஒஸ்கூரா

எண்ணிப் பாருங்கள்: மி, ரி, த்ரோ, வாய், பெர், ஊ, நா, செல், வாஒ, ஸ்கூ, ரா. 'செல்வா'வின் கடைசி உயிரும் 'ஒஸ்கூரா'வின் முதல் உயிரும் ஒட்டி ஒரே அசையாகிவிட்டன. 'காடு' முன்னால் உயிர் வந்தால் உகரம் ஓடிப்போகிற ஊரிலிருந்து வந்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஒட்டாமல் படித்தால் அடி நொண்டும், ஒட்டிப் படித்தால் தானாக நடக்கும்.

எதுகையைத் தேடி அடியின் தலையைப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விட வேண்டும். இங்கே எல்லாம் கடைசியில், இயைபு மாதிரி. வீத்தா, ஒஸ்கூரா, ஸ்மர்ரீத்தா என்று மூன்று அடி. நடுவில் நின்ற ஒஸ்கூரா அடுத்த மூன்றடியின் வெளிப்பக்கத்துக்குப் போய்விடும்: தூரா, ஃபோர்த்தே, பவூரா. அடுத்து ஃபோர்த்தே மோர்த்தேயைக் கூட்டிவரும். இப்படியே மூன்று பாகமும் சேர்ந்து நூறு காந்தோ, 14,233 அடி. அந்தாதி கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தச் சங்கிலி சீக்கிரம் பிடிபடும். ஆங்கிலத்தில் இதை அப்படியே கொண்டுவர முயல்கிற மொழிபெயர்ப்புகள் இயைபுக்காகப் பொருளை வளைக்கின்றன. எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் நேரான ஆங்கிலம் என்று இருக்கிற பதிப்புதான் வேண்டும். டர்லிங், சிங்கிள்டன் இரண்டும் உரைநடை, இரண்டும் அப்படித்தான். ஹாலண்டர் தம்பதியுடையது வசனகவிதை, குறிப்புகள் எக்கச்சக்கம், இரண்டாம் வாசிப்புக்கு நல்லது.

நெய்தலாள் எழுதியது:

பத்தாவது காந்தோவைப் படித்தேன். சம்பந்தி விஷயம் தெரிந்து படித்ததால் அந்தக் கழுத்து திரும்பாத இடம் என்னமோ செய்துவிட்டது. கரையான், நன்றி. 'ஓ தஸ்கனிக்காரனே' என்று அவர் கூப்பிடுகிற இடத்திலேயே ஒரு விஷயம் பிடித்தது: செத்து நரகத்துக்கு வந்த பிறகும் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எழுந்து நிற்கிறார்.

தர்க்கசீலன் சொன்ன ஒர்லாந்தோ பக்கமும் இழுக்கிறது. போர், மந்திரம், பறக்கும் குதிரை எல்லாம் அங்கேதானே? அதற்குள் எப்படிப் போவது?

பாலெர்மோ_பாலன் எழுதியது:

நான் இருக்கிறது சிசிலியில், பாலெர்மோவில். எங்கட யாழ்ப்பாணச் சனம் இங்கே கனபேர் இருக்கிறோம், சந்த ரொசாலியா மலைக்கு ஏறுற சனத்தில் பாதி எங்கட ஆக்களோ எண்டு நினைக்கத் தோன்றும். ஒர்லாந்தோ கதைக்கு நான் புத்தகத்தால் போகவில்லை, பொம்மையால்தான் போனனான்.

இங்கே 'ஓப்பெரா தேய் பூப்பி' எண்டு மரப்பொம்மைக் கூத்து இருக்கிறது. யுனெஸ்கோ 2001இல் மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. பாலெர்மோப் பொம்மைக்கு முழங்கால் மடங்கும், வாளை உறையில் போட்டு எடுக்கும். கத்தானியாப் பொம்மை அதைவிட உயரம், பாரமும் கூட, கால் மடங்காது, வாள் எப்பவும் கையிலேயே இருக்கும். இரண்டு ஊர்க்காரரும் தங்கடதுதான் வடிவு எண்டு சண்டை பிடிப்பார்கள். ஆட்டுறவர் இரும்புக் கம்பியால் ஆட்டுவார், சண்டை வந்தால் பலகையில் காலால் ஓங்கி உதைப்பார், தகரக் கவசம் மோதுற சத்தமும் அந்த உதையும் சேர்ந்து நெஞ்சுக்குள் கேட்கும். தலை ரெண்டாகப் பிளக்கிற பொம்மையும் வைத்திருக்கிறார்கள். ஒர்லாந்தோவுக்குக் கொஞ்சம் மாறுகண். சனத்துக்குப் பிடித்தது அவன் இல்லை, ரினால்தோதான், கள்ளன், ராசாவுக்கு அடங்காதவன். துரோகி கானோ மேடைக்கு வந்தால் அந்தக் காலத்தில் செருப்பால் எறிவார்களாம்.

முந்தி இது ஒரு இரவில் முடிகிற கூத்தில்லை. ஒவ்வொரு இரவும் விட்ட இடத்திலிருந்து தொடங்கி மாதக்கணக்கில் போகும். ஜுஸ்தோ லோ தீக்கோ எண்டவர் 1858 தொடக்கம் 1860 வரை இந்தக் கதைகள் எல்லாத்தையும் உரைநடையில் பகுதி பகுதியாக வெளியிட்டார், பொம்மைக்காரர் அதைத்தான் கையில் வைத்திருந்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் அரியோஸ்தோவின் ஆக்கள் எல்லாரையும் தெரிந்திருந்தது அதனால்தான்.

'கூந்தோ' எண்டும் ஒண்டு இருக்கு. ஒரு ஆள், ஒரு மரவாள், ஒரு காலால் நிலத்தில் உதை. கதை சொல்லிக்கொண்டு போய்ச் சண்டைக் கட்டம் வந்ததும் சொல்லை நடுவில் உடைத்து உடைத்து மூச்சோடு தள்ளுவார், பொருள் விளங்காது, ஆனால் சண்டை விளங்கும். மிம்மோ குத்திக்கியோ எண்ட பேரைப் போட்டுத் தேடுங்கோ, காணொளி கிடைக்கும். அக்கா, நீங்கள் இதை முதலில் பாருங்கோ, பிறகு புத்தகம்.

தர்க்கசீலன் எழுதியது:

பாலன் தம்பி சொல்வதற்கு நூலிலேயே ஆதாரம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டு ஃப்ளோரன்ஸில் சான் மார்த்தினோ சதுக்கத்தில் பாடகர்கள் நின்று பாடுவார்கள், கூட்டம் காசு போடும். எட்டடிச் செய்யுள்தான், ஒத்தாவா. முதல் ஆறடியில் இரண்டு இயைபு மாறி மாறி வரும், கடைசி இரண்டடி தங்களுக்குள் இயைந்து பட்டென்று முடியும். ஒரு அமர்வில் பாடக்கூடிய அளவுதான் ஒரு காந்தோ. முடிவில் "மிச்சம் நாளைக்கு, கடவுள் காப்பாராக" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

அரண்மனைக் கவிஞர்கள் அதே வேஷத்தைப் போட்டுக்கொண்டார்கள். ஃபெராராவில் எஸ்தே பிரபுக்களின் அவையில் இருந்த பொயார்தோ பெரிய படிப்பாளி, கிரேக்கம் லத்தீனிலிருந்து மொழிபெயர்த்தவர், பிரபு வேறே. அவர் தன் 'காதல்கொண்ட ஒர்லாந்தோ'வை எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? "இனியவையும் புதியவையும் கேட்கக் கூடியிருக்கும் பிரபுக்களே, வீரர்களே, சத்தம் போடாமல் கேளுங்கள்" என்று, தெருப்பாடகன் மாதிரி. ஒர்லாந்தோ காதலில் தோற்றது அவமானம் என்பதால் ஆயர் துர்ப்பின் இந்தக் கதையை மறைத்துவைத்தார், நான் எடுத்துவந்தேன் என்று ஒரு புளுகும் உண்டு.

கதை பெந்தகோஸ்தே விருந்தில் தொடங்குகிறது. பாரிஸில் சார்லமேன் அவைக்குக் கிழக்கே கத்தாய் நாட்டு இளவரசி ஆங்கெலிக்கா வருகிறாள், பேரரசர் உட்பட அத்தனை பேரும் விழுகிறார்கள். ஆர்தென் காட்டில் இரண்டு நீர்நிலை, ஒன்றில் குடித்தால் காதல், இன்னொன்றில் குடித்தால் வெறுப்பு. ரினால்தோ ஒன்றில் குடிக்க, அவள் மற்றதில் குடிக்க, பிறகு இருவருக்கும் மாறிப்போக, கதை நகர்ந்துகொண்டே இருக்கும். 1494இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்ல்ஸ் படையோடு இத்தாலிக்குள் இறங்கினார். பொயார்தோ ஒரு காதல் கட்டத்தின் நடுவில், "நான் பாடிக்கொண்டிருக்கும்போதே இத்தாலி முழுக்கத் தீயில் எரிவதைப் பார்க்கிறேன், இன்னொரு சமயம் முடிந்தால் சொல்கிறேன்" என்று நிறுத்தினார். அந்த வருஷ டிசம்பரில் இறந்துபோனார். கதையின் அடுத்த பாதியை எடுத்தவர்தான் அரியோஸ்தோ, முதல் பதிப்பு 1516, இன்று நாம் படிக்கிற 46 காந்தோ வடிவம் 1532. ஆகவே வரிசை: பொயார்தோ, பிறகு அரியோஸ்தோ. மாற்றக்கூடாது.

கரையான் எழுதியது:

மாற்றலாம். அரியோஸ்தோ ஆரம்பத்திலேயே பழைய கதையைச் சுருக்கிக் கொடுத்துவிடுகிறார், அதற்கு மேல் தெரியாவிட்டால் குடி முழுகிவிடாது. பொயார்தோவையே இத்தாலியர்கள் முந்நூறு வருஷம் மூலத்தில் படிக்கவில்லை என்பது தெரியுமா? அவர் மொழியில் ஃபெராரா வாடை அடிக்கிறது, தஸ்கனி சுத்தம் இல்லை என்று பெர்னி என்பவர் முழுக்கத் திருத்தி எழுதி, 1541இல் அது அச்சாகி, அசலை ஓரங்கட்டிவிட்டது. 1830களில் லண்டனில் உட்கார்ந்திருந்த பனிட்சி என்கிற இத்தாலிய அகதி, பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தைப் பெரிதாக்கினாரே அவரேதான், அசலைத் தேடி மறுபடி பதிப்பித்தார்.

தமிழ்நிலவன் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். தலைப்பு இடைக்காலம் என்கிறது, 1532 மறுமலர்ச்சி ஆயிற்றே? அப்புறம், நம் வீரமாமுனிவர் இத்தாலியர்தானே, தேம்பாவணியில் இந்தக் காவியங்களின் தாக்கம் இருக்கிறதா?

தர்க்கசீலன் எழுதியது:

அரியோஸ்தோ மறுமலர்ச்சிதான், சந்தேகம் இல்லை. ஆனால் பொருள் 778இல் பைரனீஸ் மலைக் கணவாயில் சார்லமேன் படைக்கு நேர்ந்த ஒரு சின்னத் தோல்வியிலிருந்து வளர்ந்து வந்தது, வடிவம் தெருப்பாடகர்களுடையது. வேரைப் படிக்கிறவர் கிளையை வெட்டிவிட்டுப் படிக்க முடியாது.

முனிவர் 1680இல் மாந்துவாவுக்குப் பக்கத்தில் காஸ்திலியோனேயில் பிறந்தார், சேசு சபையில் படித்தார், அந்தத் தலைமுறைக்கு அரியோஸ்தோவும் தாஸ்ஸோவும் பழகிய பெயர்கள். ஆனால் தேம்பாவணியை, மூன்று காண்டம், 36 படலம், 3615 பாட்டு, எங்கே திறந்தாலும் எனக்குக் கேட்பது சிந்தாமணியும் கம்பனும்தான். ஒத்தாவாவை விருத்தமாக்க அவர் முயலவே இல்லை. தமிழ்க் காவியம் எழுத வந்தவர் தமிழ்க் காவியம் எழுதினார். தனி இழையாகப் போடுங்கள், பேசலாம்.

முழுமதி எழுதியது:

வரிசைச் சண்டைக்கு நான் வரவில்லை, ஆனால் அரியோஸ்தோவுக்குள் நுழைய ஒரு கதவு காட்டுகிறேன். 23ஆம் காந்தோ, கடைசி நாற்பது செய்யுள்.

ஒர்லாந்தோ இரண்டு நாள் காட்டில் அலைந்து ஒரு சுனைக்கு வருகிறான். மரப்பட்டைகளில் ஆங்கெலிக்கா பெயரும் மெதோரோ என்கிற பெயரும் பின்னிக்கொண்டு செதுக்கியிருக்கின்றன. கையெழுத்து அவளுடையது, அவனுக்குத் தெரியும். வேறே ஆங்கெலிக்காவாக இருக்கும் என்கிறான். இல்லை, என்னையே செல்லமாக மெதோரோ என்கிறாளோ என்கிறான். குகை வாசலில் மெதோரோவே எழுதிய பாட்டு இருக்கிறது, அவளோடு அங்கே படுத்திருந்த சுகத்தைப் பற்றி, அரபியில். அரபி தெரியாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பான். எத்தனையோ தடவை சண்டைக் களத்தில் உயிரைக் காப்பாற்றிய அரபி! மூன்று தடவை, நான்கு தடவை, ஆறு தடவை படிக்கிறான், எழுதியிருப்பது அங்கே இல்லாமல் போய்விடாதா என்று தேடித் தேடி. ராத்திரி ஒரு இடையன் வீட்டில் தங்குகிறான். இவன் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, தேற்றுவதற்காக அந்த இடையன் ஒரு நல்ல காதல் கதை சொல்கிறான், இந்த வீட்டிலேயே நடந்தது என்று. யாருடைய கதை என்று சொல்ல வேண்டியதில்லை. கூலியாக அவள் கொடுத்த கைவளையைக் கொண்டுவந்து காட்டுகிறான், அது ஒர்லாந்தோ அவளுக்குக் கொடுத்தது. படுக்கை முள்ளாகக் குத்துகிறது, அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது, அவர்கள் படுத்த படுக்கை இதுவாகத்தான் இருக்கும் என்று.

அதற்குப் பிறகு கவசத்தைக் கழற்றி எறிந்து, அம்மணமாக மரங்களைப் பிடுங்கிப் போடுகிறான். உச்சக் கட்டம். அங்கே அரியோஸ்தோ என்ன செய்கிறார்? "இதற்கு மேல் நீட்டினால் உங்களுக்குச் சலிப்பாகும், பிறகு பார்க்கலாம்" என்று காந்தோவை முடித்துவிடுகிறார்! சதுக்கத்துப் பாடகனின் அந்தக் கும்பிடுதான், ஆனால் கண் சிமிட்டிக்கொண்டு. சிரிப்பும் துக்கமும் ஒரே செய்யுளின் எட்டு அடிக்குள் இருக்கும், கடைசி இரண்டடியில் அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று கடைசிவரை சொல்ல முடியாது. தாந்தேயிடம் இந்த விளையாட்டு கிடையாது.

பாலெர்மோ_பாலன் எழுதியது:

அந்தக் கட்டத்தைப் பூப்பியில் பார்க்கவேணும். கவசம் ஒவ்வொரு துண்டாகக் கழன்று பலகையில் விழும், தகரச் சத்தம். சின்னப் பிள்ளையள் சிரிப்பார்கள், பெரிய ஆக்கள் சிரிக்க மாட்டார்கள்.

கரையான் எழுதியது:

சிரிப்பு வேண்டும் என்றால் புல்ச்சியைச் சொல்லாமல் விட முடியாது. ஃப்ளோரன்ஸ், ஊரை ஆண்ட மெடிச்சி வீடு, அந்த வீட்டு லொரென்சோவின் அம்மா லுக்ரேசியா கேட்டுக்கொண்டதற்காக எழுதியது 'மொர்காந்தே', முழு வடிவம் 1483இல். பக்தியான கதை எழுதச் சொன்னார் அந்த அம்மா. இவர் எழுதியதோ, உன் மதம் என்ன என்று கேட்டால், கறுப்பிலும் நம்பிக்கை இல்லை, நீலத்திலும் நம்பிக்கை இல்லை, சேவல்கறியில்தான் நம்பிக்கை, வேகவைத்தாலும் சரி சுட்டாலும் சரி என்று பதில் சொல்கிற மர்குத்தே மாதிரி ஆட்களை வைத்து. மர்குத்தே சாவது சிரித்துச் சிரித்து, ஒரு குரங்கு அவன் பூட்ஸை மாட்டிக் கழற்றி விளையாடுவதைப் பார்த்து. மொர்காந்தே ராட்சசன், திமிங்கிலத்தையே கொன்றவன், நண்டு கடித்துச் சாகிறான். டுசியானியின் ஆங்கில மொழிபெயர்ப்பு முழுசாக இருக்கிறது. முதல் காந்தோவை ஆங்கிலக் கவிஞர் பைரனே ஆங்கிலத்தில் செய்திருக்கிறார்.

நெய்தலாள் எழுதியது:

தலை சுற்றுகிறது, ஆனால் நல்ல சுற்றல். கூந்தோ காணொளி ஒன்றைப் பார்த்தேன் பாலன், வாளைத் தூக்கியதும் அவர் மூச்சு மாறுகிறதே, அந்த இடத்தில் மொழி தெரியாதது ஒரு குறையாகவே படவில்லை.

என் திட்டம் இப்போது இது. தாந்தேயைக் கைவிடவில்லை, வாரத்துக்கு ஒரு காந்தோ, மூலத்தை வாய்விட்டுப் படித்துவிட்டு டர்லிங்கின் உரைநடை. ஒர்லாந்தோ பக்கம் அரியோஸ்தோவிலிருந்து ஆரம்பித்து, பிடித்தால் பின்னால் பொயார்தோவுக்குப் போவது (தர்க்கசீலன் ஐயா கோபிக்கக் கூடாது). காசு செலவில்லாமல் கிடைக்கிற உதவி ஏதாவது உண்டா? தாந்தே உரைகள் எல்லாம் விலையைப் பார்த்தாலே மூச்சு முட்டுகிறது.

தர்க்கசீலன் எழுதியது:

கோபம் இல்லை. ஆனால் 'தெசெய்தா'வை என்றாவது ஒரு நாள் படிப்பீர்கள், நானும் விடமாட்டேன்.

தாந்தே உரைக்குக் காசே வேண்டாம். டார்ட்மவுத் தாந்தே திட்டம் என்று இணையத்தில் இருக்கிறது, தாந்தே இறந்த சில வருஷத்திலேயே எழுதத் தொடங்கிய உரைகளிலிருந்து நம் காலம் வரை எழுபதுக்கு மேல், அடி எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொருவரும் அந்த அடிக்கு என்ன சொன்னார் என்று வரிசையாக வரும். அவர் மகன்கள் யாக்கோப்போவும் பியெத்ரோவும் எழுதிய உரைகளும் அதில் உண்டு. பெரும்பாலும் லத்தீன், இத்தாலியம், ஆனால் ஆங்கிலத்திலும் சில இருக்கின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் தாந்தே தளத்தில் பரோலினியின் விளக்கம் காந்தோ காந்தோவாக ஆங்கிலத்தில் கிடைக்கிறது, ஆரம்பிக்கிறவருக்கு அதுதான் சரி. கேட்க விரும்பினால் யேல் பல்கலைக்கழகத்தில் மட்சோத்தா நடத்திய வகுப்புகள் முழுசாக இலவசம். ஒரே ஒரு வேண்டுகோள், 'இன்ஃபெர்னோ'வோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த பாகமான 'புர்கத்தோரியோ'வின் இரண்டாவது காந்தோவில் நண்பர் கசெல்லா தாந்தேயின் பாட்டையே பாட, எல்லோரும் வந்த வேலையை மறந்து நின்று கேட்கிறார்கள், அங்கே காவலாக இருக்கும் கிழவர் காத்தோ வந்து திட்டி விரட்டுகிறார். அதுவரையாவது போங்கள்.

முழுமதி எழுதியது:

அரியோஸ்தோவுக்கு வால்ட்மன் செய்த உரைநடை ஆங்கிலம் ஒரே தொகுதி, கதை வேகமாக ஓடும். ரெனால்ட்ஸ் எட்டடி இயைபோடே செய்திருக்கிறார், இரண்டு தொகுதி, நகைச்சுவை அதில் நன்றாக வருகிறது. பொயார்தோ எடுக்கும்போது ராஸ் மொழிபெயர்ப்பு. இத்தாலிய மூலம் எல்லாமே விக்கிமூலத்தின் இத்தாலியப் பகுதியில் இருக்கிறது.

அக்கா, சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நாங்கள் சில பேர் இணைய அழைப்பில் சேர்ந்து படிக்கிறோம், நீங்களும் வாங்க. இந்த வாரம் அந்த 23ஆம் காந்தோதான், நூறாவது செய்யுளிலிருந்து. பாலன் அண்ணாவும் வந்தால் மூலத்தை அவர் படிக்கட்டும், அவர் உச்சரிப்பு எங்களைவிடச் சுத்தம்.

பாலெர்மோ_பாலன் எழுதியது:

வாறன். ஆனால் எனக்கு வாறது பாலெர்மோ உச்சரிப்பு, ஃபெராராக்காரர் கேட்டால் அழுவார். அரபிப் பாட்டு வாற செய்யுள் 108ம் 109ம் நான் எடுக்கிறன், மிச்சத்தை நீங்கள் பிரியுங்கோ.